தொட்ட ராஜா

தம்பி, தப்பா நினைக்காதீங்க. பஸ் ஏறினதுல இருந்து நீங்க போன்ல செஸ் ஆடுறதைப் பாத்துக்கிட்டேதான் வாரேன். செஸ் தெரிஞ்ச ஆளு பக்கத்துல உக்காந்துக்கிட்டு வாயை மூடிட்டு வர என்னால ஆகாது. கோவில்பட்டிதானே? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான் இறங்கணும். ஒரு விஷயம் சொல்லுதேன், கேட்டுட்டு நியாயத்தை நீங்க சொல்லுங்க. எங்க ஊர்ல யாருட்டப் போய்ச் சொன்னாலும், கேக்குறதுக்கு முன்னாலயே தீர்ப்பு எழுதின மூஞ்சியோட நிக்கான். நீங்க என்னை முன்னப்பின்ன பாத்தது கிடையாது. அதனாலதான் உங்களைக் கேக்கேன்.

என் பேரு உலகநாதன். தீப்பெட்டி ஆபீஸ்ல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவன். கோவில்பட்டில செஸ்னு ஒண்ணு நடக்குதுன்னா அதுக்கு ரெண்டு பேருதான் காரணம். ஒண்ணு நான். இன்னொருத்தன் ஜெபமணி, போஸ்ட் ஆபீஸ்ல இருந்தவன். காப்பித்தூள் கடை மாடில ஒரு ரூமைப் பிடிச்சு, பெஞ்சை நான் ஒரு பக்கம் அவன் ஒரு பக்கம் தூக்கி, படில இடிச்சு இடிச்சு மேல ஏத்தி ஆரம்பிச்ச கிளப்பு அது. கீழே காப்பிக்கொட்டை வறுப்பாங்க, மேல நாங்க ஆடுவோம். சட்டையெல்லாம் அந்த வாடைதான்.

சேக்காளிதான். இல்லைன்னு சொல்லல. வா போ பேச்சுதான் எங்களுக்குள்ள. அவன் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுல அடுப்பு எரியாது, என் வீட்டு தீபாவளிக்கு அவன் வீட்டுல எரியாது. ஆனா ஆட்டம்னு வந்தா ஆட்டம்தானே. முதல் தடவையா டீம் போட்டிக்குப் போறப்ப, ஒண்ணாம் போர்டுல யாரு உக்காரதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. டீம்ல நல்ல ஆட்டக்காரன்தான் ஒண்ணாம் போர்டு, உங்களுக்குத் தெரியும்லா. கையைத் தூக்கச் சொன்னாங்க. ரூம்ல இருந்த கை அத்தனையும் ஜெபமணிக்கு. எனக்குன்னு ஒரே ஒரு கை. யாரு கைன்னு நினைக்கீங்க? அவன் கைதான். ஜெபமணி எனக்குத் தூக்குதான். அதை நினைச்சா இப்பவும் எனக்கு ஆறல. தோக்கடிச்சா தோக்கடிச்சிட்டுப் போ. எதுக்குக் கையைத் தூக்கி என்னை இன்னும் சின்னவனாக்கணும்?

அதுல இருந்து எத்தனையோ வருஷம் நான் ரெண்டாம் போர்டுதான். கிளப்புக்குள்ள நடக்குற போட்டியில அவனை ஜெயிச்சிருக்கேன், வெள்ளைக்காய் கிடைச்சப்ப. கறுப்புல கிடையாது. நான் மட்டுமில்ல, ஜெபமணி வெள்ளை ஆடினா எங்க ஊர்ல எவனும் ஜெயிச்சது கிடையாது. முதல் மூவு அவன் கைக்குப் போச்சுன்னா அப்புறம் நம்ம காயெல்லாம் அவன் சொன்ன இடத்துலதான் நிக்கும். சத்தமே போடாம, நம்மள மூச்சு விடாமப் பண்ணிருவான்.

பெறகு அவன் சம்சாரம் தவறிப்போச்சு. மக கிரேஸ்லினைத் தூத்துக்குடில கட்டிக் குடுத்திருந்தான், அவ வந்து அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. ஒண்ணாம் போர்டு எனக்கு வந்துச்சு. எப்படி வந்துச்சு பாத்தீங்களா? ஆளு ஊரைக் காலி பண்ணிட்டுப் போனதால வந்துச்சு. 'அண்ணாச்சி, இனிமே நீங்கதான்'னு சாகுல் சொல்லுதான். சாகுல்னா எங்க டீம் கேப்டன், மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கான், நல்ல பையன்தான். சொல்லும்போதே ஜெபமணி உக்காந்த பெஞ்சைப் பாத்துக்கிட்டேதான் சொல்லுதான்.

அப்புறந்தான் கேள்விப்பட்டோம், ஜெபமணிக்கு நடுக்க வியாதின்னு. கை நடுங்குது, நடை தளருதுன்னாங்க. பாவம்னுதான் நினைச்சேன். போய்ப் பாக்கணும்னும் நினைச்சேன். ஒண்ணு மாத்தி ஒண்ணு வேலை, போக முடியல.

போன மாசி மாசம் விருதுநகர்ல கிளப்புகளுக்குள்ள டீம் போட்டி. ஒரு கல்யாண மண்டபத்துல வச்சிருந்தாங்க. ஒரு டீமுக்கு நாலு பேரு. கடைசி ரவுண்டு யாரோடன்னா தூத்துக்குடி கிளப்போட. அவங்க ஒண்ணாம் போர்டு யாரு? ஜெபமணிதான், மக தோளைப் பிடிச்சுக்கிட்டு வாரான். வெள்ளை அவனுக்கு. கறுப்பு எனக்கு.

'எலே உலகு, மெலிஞ்சிட்டியே'ன்னான். அவன் என்னைப் பாத்துச் சொல்லுதான். அவன் கழுத்தைச் சுத்திச் சட்டைக் காலரு தனியா நிக்கி.

ஆர்பிட்டர், நம்ம நடுவர்தான், சின்ன வயசுக்காரர், மரியாதையான ஆளு. ஆட்டம் ஆரம்பிக்க முன்னாலயே வந்து சொன்னாரு. 'சார், முந்தின ரவுண்டு மாதிரியே நீங்க மூவைச் சொல்லுங்க, உங்க பொண்ணு நகர்த்தட்டும். ரூல்ல இடம் இருக்கு.' அதுக்கு ஜெபமணி என்ன சொன்னான் தெரியுமா? 'மத்தவங்க கூட ஆடுறப்ப அப்படித்தான் சார் ஆடுனேன். உலகு கூட என் கையாலேயே ஆடிக்கிடுதேன்.' கேட்டுக்கிடுங்க. நானா வேண்டாம்னேன்? ஆர்பிட்டர் குடுத்தாரு, அவன் வேண்டாம்னான். இதை எங்க ஊர்ல ஒருத்தனும் சொல்ல மாட்டான்.

ஆட்டம் ஓடுச்சு. கை ஆடினாலும் மூளை ஆடல தம்பி. காயைத் தூக்குறதுக்குள்ள கூடத்துல உள்ளவன் பூராவும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். ஒரு சிப்பாயைத் தூக்கினா பக்கத்துல ரெண்டு சாயும். அவன் நிமித்தி வைப்பான், நிமித்துறப்ப இன்னொண்ணு சாயும். நானே சில தடவை நிமித்தி வச்சேன். வச்சேன் தம்பி, அதையும் எவனும் சொல்லல. ஆனா வைக்கிற இடம் ஒவ்வொண்ணும் சரியான இடம். மத்தியானத்துக்குள்ள காயெல்லாம் வெட்டுப்பட்டு, ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப்பு, கொஞ்சம் சிப்பாய். ரெண்டு பக்கமும் சமம்.

மத்த மூணு போர்டும் முடிஞ்சிட்டு. நாங்க ரெண்டு, அவங்க ஒண்ணு. எனக்கு அரைப் பாயிண்ட் வந்தா கோப்பை எங்களுக்கு. சாகுல் வந்து குனிஞ்சு, 'அண்ணாச்சி, டிரா போதும்'னான். கேப்டன் அவ்வளவுதான் சொல்லலாம், அதுக்கு மேல பேசக்கூடாது. அதே நேரம் ஜெபமணியும் தலையைத் தூக்கி, 'டிராவால?'ன்னான்.

நான் 'ஆடு'ன்னேன்.

ஏன்னு கேக்கீங்களா? எல்லாரும் அதைத்தான் கேக்கான். ஏன்யா, கறுப்புக்காய் ஆடுறவன் ஜெயிக்கணும்னு நினைக்கக்கூடாதா? அரைப் பாயிண்ட்டை அவன் கையில இருந்து வாங்கிட்டுப் போகவா நான் அத்தனை வருஷம் ரெண்டாம் போர்டுல உக்காந்திருந்தேன்? ஒரு தடவை. வாழ்க்கையில ஒரு தடவை, கறுப்புல, ஜெபமணியை. அவ்வளவுதானே கேட்டேன்.

ஆனா தேடித் தேடிப் பாத்தேன், வழி கிடைக்கல. சரி, வெட்டுக்கு வெட்டுப் போட்டு முடிச்சிருவோம்னு என் யானையைக் கொண்டு போய் அவன் கடைசி வரிசைல, அவன் யானைக்கு நேரா வச்சேன். என் யானைக்கு என் பிஷப்பு காவல். அவன் என் யானையை வெட்டணும், நான் பிஷப்பால திருப்பி வெட்டணும், அதோட ஆட்டம் டிரா. வேற ஒண்ணும் இல்ல. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவன் யானை பக்கத்துக் கட்டத்துலதான், அதுக்குக் காவலா, அவன் ராஜா நிக்கி.

கை வந்துச்சு. யானைக்குத்தான் வந்துச்சு. எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா அந்தக் கையைப் பாத்தவன் நான். வந்த கை பக்கத்துல வந்ததும் ஒரு உலுக்கு உலுக்குச்சு. ரெண்டு விரல் ராஜா தலையில பட்டுச்சு. பட்டது மட்டுமில்ல, அங்கேயே கொஞ்சம் நின்னுச்சு. நின்னுச்சு தம்பி. அதை நான் பாத்தேன்.

'டச் மூவ்'னேன்.

தொட்ட காயை நகர்த்தணும். நான் உண்டாக்கின சட்டமா? உலகம் பூரா உள்ள சட்டம்.

சாகுல், 'அண்ணாச்சி...'ன்னான். மத்தவன் ஆட்டம் நடக்கையில பேசக்கூடாதுன்னு அவனுக்குத் தெரியாதா? கேப்டனாம். ஆர்பிட்டர் ஓடி வந்தாரு. ரெண்டு பேரையும் பாத்தாரு. 'சார், கை தெரியாமப் பட்டா அது கணக்குல வராது. தெரியாமப் பட்டதுன்னு நீங்க சொன்னாப் போதும், நான் விட்டுருதேன்'னு ஜெபமணிட்ட சொன்னாரு. பாத்துக்கிடுங்க, வழியைத் திறந்து வச்சுட்டாரு. நான் குறுக்க ஒரு வார்த்தை பேசல. நான் கேட்டேன், முடிவு அவங்க ரெண்டு பேருதான் பண்ணணும். அப்ப என் மேல என்ன தப்பு?

ஜெபமணி என் மூஞ்சியைப் பாத்தான். பெறகு, 'தொட்டேன் சார்'னான்.

'தெரிஞ்சு தொட்டீங்களா?'

'ராஜாவைத்தான் தொட்டேன். உலகு பொய் சொல்ல மாட்டான்.'

ராஜாவுக்குப் போக இருந்தது ஒரே ஒரு கட்டம், மூலைக்கட்டம். தானே தூக்கினான். ரெண்டு கையாலயும் பிடிச்சு, தண்ணி நிறைஞ்ச செம்பைக் கொண்டு போற மாதிரி கொண்டுபோய் மூலையில வச்சான். காவல் போன யானையை நான் வெட்டினேன். அதுவே செக்மேட், ஆட்டம் முடிஞ்சுச்சு. கையை நீட்டினான். பிடிச்சேன். என் கையும் சேந்து ஆடுச்சு.

கறுப்பு ஜெயம். ரிசல்ட் போர்டுல எழுதினாங்க. நான் எழுந்திரிச்சு நின்னேன். ஒருத்தன் கை தட்டணுமே! எங்க டீம்காரன் மூணு பேரும் செருப்பைத் தேடுற மாதிரி கீழே பாத்துக்கிட்டு நிக்கான். கோப்பை ஜெயிச்சிருக்கோம் தம்பி. பரிசு குடுக்கையில சாகுல் போய் வாங்கினான், என்னைக் கூப்பிடல. பின்வரிசைல இருந்து ஒரே ஒருத்தன் தட்டுதான். திரும்பிப் பாத்தா ஜெபமணி. ஒரு கை இன்னொரு கையில சரியாப் படமாட்டேங்கி, ஆனாலும் விடாமத் தட்டுதான். ஒண்ணாம் போர்டுக்குக் கையைத் தூக்கினவன்லா. அதே ஆளு. மாறவே இல்ல.

வீட்டுக்கு வந்து சொன்னா, என் சம்சாரம் கேக்கா, 'அவுக கை நடுங்கும்னு உங்களுக்குத் தெரியாதா?' தெரியும். தெரிஞ்சா? ஆட்டத்துல எதிராளி வியாதியைப் பாத்து ஆடணுமா? எனக்குச் சர்க்கரை இருக்கு, மயக்கம் வருது, எவனாவது என் ராணியை வெட்டாம விட்டானா? அன்னைக்கு ராத்திரி அவ சோத்தைப் போட்டு வச்சுட்டுப் போய்ப் படுத்துட்டா.

அடுத்த வாரம் கிளப்புக்குப் போனேன். பூட்டியிருந்துச்சு. என்கிட்ட ஒரு சாவி உண்டு, திறந்து, காயெல்லாம் அடுக்கி வச்சுட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தனும் வரல. அதுக்கு அடுத்த வாரமும் அப்படித்தான். கீழே காப்பித்தூள் கடைக்காரர்தான், 'உங்க ஆளுக இப்ப கண்ணாடிக் கடை மாடியிலல்லா ஆடுதாங்க, உங்களுக்குச் சொல்லலையா?'ன்னு கேட்டாரு. எனக்கு அங்க வெளிச்சம் பத்தாது, அதனால போறதில்லன்னு சொல்லிட்டு வந்தேன்.

சாகுல் கடைக்கே போயிட்டேன். யாருக்கோ கண்ணாடிக் காம்பை முடுக்கிக்கிட்டு இருந்தான்.

'என்ன சாகுல், நான் டீம்ல இருக்கேனா இல்லையா?'

'உக்காருங்க அண்ணாச்சி.'

'உக்கார வரல. நான் ரூலை மீறினேனா? அதை மட்டும் சொல்லு.'

'ரூலை மீறல அண்ணாச்சி. யாரும் அப்படிச் சொல்லல.'

'பெறகென்ன?'

காம்பை முடுக்கி முடிச்சு, கண்ணாடியைத் துடைச்சு, அந்த ஆளை அனுப்பிட்டுத்தான் பதில் சொன்னான். 'உங்க எதிர்ல உக்காந்து ஆட ஒருத்தருக்கும் மனசு வரல அண்ணாச்சி. நான் என்ன செய்ய?'

கேட்டீங்களா? ஜெயிச்சவன் கூட ஆட மனசு வரலையாம். தோத்தவன் பேரைச் சொல்லிச் சொல்லி அங்க ஆடுதாங்க. 'ஜெபமணி அண்ணன் மாதிரி வருமா'ன்னு. நான் கட்டின கிளப்பு. நான் தூக்கின பெஞ்சு.

அப்பத்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுச்சு. ஜெபமணி அன்னைக்குத் தெரிஞ்சே செஞ்சிருக்கான். 'தெரியாமப் பட்டுட்டு சார்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? யானையை வெட்டியிருப்பான், டிரா ஆகியிருக்கும், கோப்பை எப்படியும் எங்களுக்குத்தான், என் பேரும் தப்பிச்சிருக்கும். அவன் சொல்லல. ஏன் சொல்லல? ஒரு பாயிண்ட்டைக் குடுத்துட்டு ஊரையே வாங்கிட்டான் தம்பி. என்னை இப்படி ஒத்தையா நிக்க வைக்கத்தான் ராஜாவை மூலையில கொண்டு போய் வச்சான். இதைச் சொன்னா என் சம்சாரம் கையெடுத்துக் கும்பிடுதா, 'சாமி, இதை வெளியில சொல்லிராதீங்க'ன்னு.

அதான் இன்னைக்குக் காலையில கிளம்பித் தூத்துக்குடிக்கே போயிட்டேன். அவன் வாயாலேயே சாகுலுக்குப் போன் போட்டு, 'நான் தெரிஞ்சுதான் தொட்டேன், உலகு மேல தப்பு இல்ல'ன்னு சொல்ல வச்சிரணும்னு.

ஜெபமணி ஜன்னலோரம் நாற்காலியில உக்காந்திருந்தான். மடியில துண்டு விரிச்சிருந்துச்சு. கிரேஸ்லின் இட்லியைப் பிச்சு ஊட்டிக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் அவ எழுந்திரிக்கல. அவன்தான், 'உலகா? வா வா வா'ன்னான். குரலும் போயிட்டு. நாக்கு ஒட்டிக்கிட்டு வருது, காதைக் கிட்டக் கொண்டு போனாத்தான் கேக்கும்.

விஷயத்தைச் சொன்னேன். 'சாகுல்ட்ட அன்னைக்கே சொல்லிட்டனேல. நம்ப மாட்டேங்கான்'ன்னான்.

'நெசத்தைச் சொல்லு ஜெபமணி. தெரிஞ்சா தொட்ட?'

அவன் பக்கத்துல இருந்த போர்டைத் தலையால காட்டி, 'ஆடுவோமால?'ன்னான்.

போர்டை நான்தான் எடுத்து அடுக்கினேன். நான் கறுப்பையே எடுத்துக்கிட்டேன். 'கை சுத்தமா ஆகல. நான் சொல்லுதேன், என் காயையும் நீயே நகர்த்து'ன்னான். கிரேஸ்லின், 'நான் நகர்த்துதேன்பா'ன்னா. 'வேண்டாம், உலகு நகர்த்துவான். நீ அவனுக்குக் காப்பி போடு'ன்னான். அவ அரை மனசோட உள்ள போனா.

அவன் சொல்லச் சொல்ல நகர்த்தினேன். குதிரைன்னான், குதிரை. பிஷப்புன்னான், பிஷப்பு. என்ன ஆட்டம்ங்கீங்க! கை போச்சு, கால் போச்சு, குரலும் போச்சு, ஆட்டம் மட்டும் அப்படியே நிக்கி. என் காயெல்லாம் ஒண்ணொண்ணா மூச்சு முட்டிக்கிட்டு நின்னுச்சு. ராணியைக் கொண்டுபோய் 'பி அஞ்சு'ங்கிற கட்டத்துல வச்சான்னா என் ஆட்டம் அதோட முடிஞ்சுச்சு. எனக்கு முன்னாலயே தெரிஞ்சுபோச்சு. வேர்க்குது.

அவன் வாயைத் திறந்தான். 'ராணி... டி அஞ்சு'ன்னான்.

'பி'யும் 'டி'யும் அவன் வாயில ஒண்ணாத்தான் வருது, ஒத்துக்கிடுதேன். ஆனா என் காதுல விழுந்தது 'டி'தான். 'டி அஞ்சு' கட்டத்தை என் சிப்பாய் பாத்துக்கிட்டு நிக்கி. சொன்ன இடத்துல ராணியை வச்சேன். என் சிப்பாயால வெட்டினேன். எடுத்து இந்தப் பக்கம் வச்சேன்.

காப்பி டம்ளரோட கிரேஸ்லின் பின்னால வந்து நின்னது எனக்குத் தெரியாது.

'மாமா, அப்பா 'பி'ன்னாக.'

'எனக்கு 'டி'ன்னுதாம்மா கேட்டுச்சு.'

'ஒருத்தன் ராணியைக் கொண்டுபோய் சிப்பாய் வாயில வைப்பானா மாமா? எனக்கே தெரியுதே. உங்களுக்குத் தெரியலையா?'

நான் ஜெபமணியைப் பாத்தேன். அவன் போர்டைத்தான் பாத்துக்கிட்டு இருந்தான். ராணி இருந்த கட்டத்தையே. பெறகு மெதுவா, 'விடும்மா. 'டி'ன்னுதான் சொல்லியிருப்பேன். உலகு சரியாத்தான் வச்சிருப்பான்'ன்னான்.

அவனே சொல்லிட்டான்லா? பெறகு அவளுக்கு என்ன? டம்ளரை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால அவ அப்பாவோட ராஜாவைப் படுக்க வச்சா. மெதுவா, சத்தம் வராம. தோல்வியை ஒத்துக்கிடுறப்ப அப்படிப் படுக்க வைக்கிறதுதானே.

'அப்பா தோத்துட்டாக மாமா. இனிமே வராதீங்க'ன்னா.

அந்த டம்ளரை அப்படியே உள்ள கொண்டுபோயிட்டா தம்பி. எனக்குன்னு போட்ட காப்பி, வாடை மூக்குல ஏறுது. தூத்துக்குடி வரைக்கும் வெயில்ல போயிருக்கேன். ஜெயிச்ச மனுசனுக்கு ஒரு வாய் காப்பி குடுக்கக்கூடாதா? நீங்களே சொல்லுங்க.